இருபத்து மூன்றாவது குழாய்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்குத் தம்பியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் ஃபிரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்த அக்கா, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "டேய், கையில வேலை இருக்கு, அப்புறம் பேசு" என்றாள். மறுபக்கம் பேசியது வேறு யாரோ. "இந்தத் தம்பிக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். பைக், லாரி, மருத்துவமனை. மற்றதெல்லாம் அவள் காதில் விழவில்லை. அவள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவனுக்கு முப்பத்தொரு வயது. நிலத்தடி நீர்ப் பொறியியலில் ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவன். டம்ளரைப் பார்த்தால்கூட எத்தனை ஆழம் என்று கேட்பான் என்பதால் ஆய்வகத்தில் அவன் பெயரே 'ஆழம்'. ஊரைச் சுற்றி இருபத்து மூன்று ஆழ்துளைக் கிணறுகள். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் அளவு நாடாவை இறக்குவான். முனை தண்ணீரைத் தொட்டதும் நாடாச் சுருள் கீச்சென்று கத்தும். தரைக்கு மேலே நீட்டி நிற்கும் கிணற்றுக் குழாயின் விளிம்பில் தானே வைத்த சிவப்புப் பொட்டுக்கு நேராக நாடாவைப் பிடித்து அளவு பார்ப்பான். நாலரை வருடமாக அதே பொட்டு.

"தண்ணி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அஞ்சு வருஷமா? குழாயைத் திற, வரும்" என்று அக்காவே கேலி செய்திருக்கிறாள்.

"வராத அன்னைக்கு என்கிட்டதான் ஓடி வருவே" என்பான்.

மூன்று வாரம் கழித்து அவனுடைய கைடு வீட்டுக்கு வந்தார். "கடைசி மாச அளவு மட்டும்தான் பாக்கிம்மா. அதை யாராவது எடுத்துக் கொடுத்தா மிச்சத்தை நானே முடிச்சு சமர்ப்பிக்கிறேன். பட்டம் அவன் பேருக்கு வரும்" என்றார். அன்றுதான் அம்மா தானாகத் தட்டெடுத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அக்கா கடையில் இரண்டு நாள் லீவு சொன்னாள். தம்பியோடு ஆய்வகத்தில் இருந்த பெண் நாடாவைக் கொண்டுவந்தாள். இருவரும் ஸ்கூட்டரில் அலைந்து இருபத்திரண்டு கிணறுகளை முடித்தார்கள். இருபத்திரண்டிலும் பொட்டு இருந்தது. ஒவ்வொன்றையும் அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இருபத்து மூன்றாவது, கார் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. குழாய் குட்டையாக, புதிதாக அறுத்த விளிம்போடு நின்றது. பொட்டைக் காணோம்.

"வேன் பின்னால வந்து இடிச்சிடுச்சு தங்கச்சி" என்றார் கொட்டகைக்காரர். "பிளந்து நின்னதை அறுத்து நேராக்கிட்டு, திங்கட்கிழமை உங்க தம்பிக்கு போன் போட்டேன். 'அறுத்த துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்கண்ணே, நாளைக்கு வந்து அளந்துக்கிறேன்'னாரு. மறுநாள் முழுக்கப் பார்த்தேன், ஆள் வரல."

"துண்டு எங்கண்ணா?"

"பழைய சாமான்காரன் வந்தப்போ அதுவும் போயிடுச்சு. எனக்கென்ன தெரியும்..."

"எவ்வளவு இருக்கும்?"

அவர் கையை நீட்டிப் பார்த்தார். "ஒரு முழம். இல்ல, முழத்துக்குக் கொஞ்சம் மேல."

அந்தப் பெண் நாடாவை இறக்கவேயில்லை. "இந்தப் பக்கத்துத் தண்ணி வருஷத்துக்கு ஒரு சாண்தான்கா இறங்குது. முழக்கணக்கை வச்சு என்ன பண்றது? ஒவ்வொரு குழாய் விளிம்பும் கடல் மட்டத்துக்கு எவ்வளவு உயரம்ங்கிறதையும் கடைசி மாசம்தான் எடுக்கறதா இருந்தான். இதுல அந்தப் பொட்டுலேர்ந்து எடுத்த பழைய அளவெல்லாம் இப்போ அந்தரத்துல நிக்குது."

"இது ஒண்ணை விட்டுடலாமே?"

"கிழக்கே இருக்கிறதே இது ஒண்ணுதான்கா. இது இல்லேன்னா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னே சொல்ல முடியாது."

"ஒன்றரை அடின்னு போட்டுக்கோயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அந்தப் பெண் நாடாவைத் துடைத்து உறையில் போட்டாள். மறுநாள் கைடிடமும் அக்கா அதையே கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார்.

"பட்டம் எப்போ தருவாங்களாம்?" என்று அம்மா வாரம் ஒரு தடவை கேட்கிறாள். "நாளாகும்மா" என்கிறாள் அக்கா.

தம்பியின் குறிப்பேடு அவளிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், இருபத்து மூன்றாம் எண்ணுக்கு எதிரே, 'அறுத்த துண்டின் நீளம்' என்று எழுதியிருக்கிறான். வரியின் கோடியில் 'செ.மீ.' என்றும் எழுதி வைத்திருக்கிறான். இடையில் இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறான்.