அத்தானின் சட்டை

சங்கு குளிக்கப் போகும்போது அத்தான் கரையில் சட்டையைக் கழற்றி அக்கா கையில் கொடுப்பார். தோணி திரும்பும்வரை அவள் அதைக் கீழே வைக்கமாட்டாள். மாரோடு அணைத்தபடி மணலில் நிற்பாள். குளிப்பவர் கடலுக்கடியில் இருக்கையில் மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பது அவர் மனைவியின் உடன்பிறந்தவன். அவன் அக்காளைத் தாலியறுக்க விடமாட்டான் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்றாலும் அந்தக் கயிறு என்னை விடவில்லை. "எழுதுத கை மாப்ளே, நழுவ விட்டுராத" என்று அத்தான் கேலி செய்வார்.

உலகச் சண்டைக் காலத்தில் அத்தான் கப்பல் அடுப்படி வேலைக்குப் போனார். திரும்பி வந்த அன்று அக்கம்பக்கமெல்லாம் கதை கேட்கக் கூடியது. இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் ரொட்டிக்குக் கையேந்தினார்களாம். "நான் எறியுதேன், தொரை மவனுவ பொறுக்குதானுவ அண்ணாச்சி!" எல்லோரும் சிரித்தோம். கொழும்புக் கப்பலில் போகும் துரைமார் கடலில் எறிந்த காசைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்தவர் அவர். அந்தச் சிரிப்பு எங்களுக்கும் வேண்டியிருந்தது.

பிறகு ஒரு கறி டப்பாவைக் கப்பலுக்கும் துறைமுகக் கல்சுவருக்கும் நடுவே தண்ணீரில் போட்டதைச் சொன்னார். ஒரு பையன் சட்டையைக் கழற்றித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுக் குதித்தானாம். அலை வந்து கப்பலைச் சுவரோடு நெருக்கியதாம். "அந்தக் குட்டி சட்டையப் புடிச்சிட்டு நின்னா பாரு, பொம்ம கணக்கா!" என்று அவளைப் போலவே நின்று காட்டினார். அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

உள்ளிருந்து அக்கா கேட்டாள்: "இஞ்சருங்க, அவன் மேல வந்தானா?"

"யாரு கண்டா? எனக்கு அடுப்புல வேல கெடந்துச்சு."

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். சோற்றில் கை வைத்திருந்தவர் நிமிர்ந்தார்.

"வந்துட்டான்னு சொன்னா ஒனக்கு ஒறக்கம் வருமாளா? சரி, வந்துட்டான். கொழம்ப ஊத்து."

ஊற்றினாள். பிறகு அவள் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் சங்கு குளிக்கிறோம். முதல் நாள் கரையில் வழக்கம்போலச் சட்டையை நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. "தோணிலயே கெடக்கட்டும்."

"காத்து தூக்கிட்டுப் போயிரும்ளா."

"போவட்டும்" என்று திரும்பி நடந்துவிட்டாள்.

மூழ்குவதற்கான கல்லோடு அவர் இறங்கும்போது கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. சட்டை என் முழங்காலுக்கடியில். அவர் கீழிருந்து கயிற்றைச் சுண்டியதும் இழுக்கிறேன். சிரித்துக்கொண்டே மேலே வருகிறார். தோணி திரும்பும்போது மட்டும் முன்பு அக்கா நின்ற மணலை ஒரு முறை பார்ப்பார். பிறகு ஈர உடம்பிலேயே சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொள்வார்.