விண்டோஸ் செவனும் தம்பி பாதியில் விட்ட மெட்சும்

இன்று எங்கள் வீட்டுக் கிழட்டு லெப்டொப்புக்கு விண்டோஸ் செவன் போட்டேன். நானே! (கை தட்டலாம்.)

எல்லாம் தம்பிக்காக. கட்டாருக்குப் போய் ஐந்து வருடம். போன அன்று காலையில் என்னோடு ஆடிய கிரிக்கெட் கேமைப் பாதியில் சேவ் பண்ணிவிட்டுத்தான் வேனில் ஏறினான். பிறகு லெப்டொப்புக்குப் புதிய விண்டோஸ் போட்டோம். அதில் அந்தப் பழைய கேம் திறக்கவே இல்லை.

போன வாரம் இந்த அக்காவிடம் கோலில் கேட்டான்.

"ராத்தா, அந்த மெட்ச் இன்னும் இரிக்கா?"

"ஓம்டா, இரிக்கி!" (பொய். எனக்கே தெரியாது.)

பழைய விண்டோஸ் செவனைத் தேடினால், முதல் சைட்டிலேயே நாலு பச்சை டவுன்லோட் பட்டன். ஒன்றை அமத்தியதும் எனக்குப் புது ஃபோன் பரிசு விழுந்திருக்கிறதாம், மாஷா அல்லாஹ்!

பயந்துபோய், கல்முனையில் கம்பியூட்டர் திருத்துகிற காக்காவிடம் (ஊரில் எல்லாருக்கும் அண்ணன்) ஓடினேன்.

"தங்கச்சி, கண்ட கண்ட சைட்டுல எறக்காதிங்க! வைரஸையும் சேத்துத்தான் தருவானுகள். முதல்ல தம்பிட கேம் ஃபோல்டர பென் ட்ரைவ்ல கொப்பி எடுங்க. எறக்கின ஃபைல்ட செக்சம் நம்பர, அது கைரேகை மாதிரி, கம்பனி சொன்ன நம்பரோட ஒத்துப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் அழிச்சிரணும்!"

"அவ்வளவுதானா காக்கா?"

"இன்னொண்டு. அந்த லெப்டொப்புக்கு இனி நெட் குடுக்கப்படாது. பழசுக்குப் பாதுகாப்பு அப்டேட் வாறல்ல."

காக்கா காட்டிய சைட்டில் எறக்கினேன். செக்சம் நாற்பது எழுத்து. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒத்து வந்தது.

விண்டோஸைப் போட்டு, ஃபோல்டரைத் திரும்ப வைத்ததும் கேம் திறந்தது! தம்பி 63 நொட் அவுட்.

லெப்டொப்பில் நெட் கூடாதே! ஃபோனில் வீடியோ கோல் எடுத்து, ஸ்கிரீனுக்கு முன்னால் பிடித்தேன்.

"யா அல்லாஹ்! அதே மெட்ச் ராத்தா! நான் சொல்லக்குள்ள அடிங்க!"

அவன் அங்கே "அடிங்க" என்று சொன்னது இங்கே வந்து சேர்வதற்குள் ஸ்டம்ப் பறந்துவிட்டது! சேவிலிருந்து திரும்ப ஏற்றினேன். திரும்பவும் அவுட். மூன்றாம் தரமும் அவுட்! இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

"நீயே வந்து அடியண்டா. எப்ப வாற?"

"ராத்தா... கேக்குதில்ல. நெட் ஸ்லோ போல."

அவனுடைய அறையில் ஓடிய ஃபேன் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அவுட்டானது எதையும் சேவ் பண்ணவில்லை தம்பி. நீ இன்னும் 63 நொட் அவுட்தான். வந்திருடா!