பன்னிரண்டு தொட்டில்

உண்ணாமலை கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் அது எங்கே இருக்கணுமோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பனமரத்துப்பட்டியில் அவள் குடியிருந்தது ஒற்றை அறை ஓட்டு வீடு. அடுப்பு, அம்மி, ஆட்டுக்குட்டி, புருஷன் எல்லாம் அதற்குள்தான். இருந்தும் நடுவில் நாலு பேர் இலை போட்டு உட்கார இடம் கிடக்கும். "உன்ற ஊட்டுல மட்டும் செவுரு தள்ளித் தள்ளிப் போவுதாடி?" என்று பக்கத்து வீட்டில் இருந்த ஓரகத்தி கந்தம்மாள் கிண்டல் பண்ணுவாள். அந்தக் கைராசிதான் கடைசியில் அவளைக் கொண்டுபோய் ஓர் அறைக்குள் அடைத்துப் போட்டது. கெரகம், வேறென்ன சொல்ல.

சூரமங்கலம் தாண்டி இருந்த ஒரு நூல் மில்லில் பதினேழு வயசில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். ரீலிங் பகுதி. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டித் தறிக்காரர்களுக்கு அனுப்புகிற வேலை. அத்தனை பேரும் பொம்பளைகள். கல்யாணமாகி ஏழு வருஷம் வயிறு திறக்காமல் இருந்து, ஊரெல்லாம் கண்டபடி பேசி முடித்த பிறகு, 1979ஆம் வருஷம் தையில் செல்லாயி பிறந்தாள். அதே மாசம் புருஷன் தீர்த்தகிரிக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் பாயில் கிடந்தான். அதனால் குழந்தைக்கு மூணு மாசம் முடிந்த மறுநாளே அவள் மில் கேட்டில் வந்து நின்றாள்.

அன்றைக்கே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். முப்பது பொம்பளைகளுக்கு மேல் வேலை செய்கிற மில்லில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்று சட்டமாம். ரீலிங்குக்குப் பக்கத்துச் சுவர்தான், கழிவுப் பஞ்சு கொட்டி வைத்திருந்த அறையைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. இரும்புச் சட்டம் போட்ட தொட்டில் பன்னிரண்டு வந்து இறங்கியிருக்கிறது. "ரீலிங்குல நீ வேலை பாக்கற ஒழுங்கப் பாத்திருக்கேம்மா. இனிமே நீதான் ஆயா" என்றார் மேனேஜர்.

உண்ணாமலைக்குக் காலே தரையில் பாவவில்லை. "அப்போ என்ற புள்ளையும் இங்கயே இருக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"மொதல்ல அறை ஒழுங்காகட்டும், பாத்துக்கலாம்" என்றார் அவர். பாவி மகள், அதை அப்படியே நம்பினாள்.

நம்பிக்கொண்டு அவள் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். பால் கொடுக்க ஒரு தாய்க்குக் கிடைப்பது கால் மணி நேரம். அதில் துணி எங்கே, கிண்ணம் எங்கே என்று தேடினால் பிள்ளை வாய் வைக்கும் முன்னாடி மணி அடித்துவிடும். அதனால் ஒரு கையில் பிள்ளை இருக்க, மறு கையை நீட்டினாலே எல்லாம் அகப்படும்படி சுவரில் பலகை அடித்துப் பன்னிரண்டு சிறு அறையாகத் தடுத்தாள். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் மடித்த துணி நாலு, வலது பக்கம் சட்டை, முன்னால் ஒரு கிண்ணம், புகட்ட ஒரு பாலாடை. மூத்திரத் துணிக்கு மூடி போட்ட வாளி. அது தொட்டில் பக்கம் அண்டாமல் வாசலோரம். மழைக்காலத்தில் துணி காய பாய்லர் சுவரை ஒட்டிக் கொடி. கொசுவலையை அவிழ்க்க ஒரே முடிச்சு. மூணு மூணு தொட்டிலாகக் கயிறு பிணைத்து, ஒன்றை ஆட்டினால் மூணும் ஆடும்படி பண்ணினாள்.

எந்தத் தொட்டில் எவளுடையது என்று எழுதி ஒட்டலாம்தான். ஆனால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. மில்லில் நூலின் கனத்துக்குத் தக்கபடி, அதைச் சுற்றுகிற அட்டைக் கோனின் முனையில் ஒவ்வொரு நிறம் பூசியிருக்கும். அது எல்லாருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பழைய கோன்களைப் பொறுக்கி வந்து, இல்லாத நிறத்துக்குத் தானே சாயம் தொட்டு, தொட்டிலுக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, துணி மூலையில் அதே நிற நூலில் ஒரு தையல் என்று போட்டுவிட்டாள். பச்சைக்கோன் பிள்ளை, மஞ்சக்கோன் பிள்ளை என்று ரீலிங்கில் பேரே விழுந்துவிட்டது.

முதல் பதினைந்து நாளில் பதினோரு பிள்ளைகள் வந்தன. அறை சந்தை மாதிரி இரைந்தது. உண்ணாமலை போய்க் கேட்டாள். "அறை ஒழுங்காயிருச்சுங்க. என்ற புள்ளைய..."

"நீயே உன் புள்ளையக் கொஞ்சிக்கிட்டு இருந்தா மத்த பதினொண்ணை ஆரு பாக்கறது?" என்றார் மேனேஜர்.

அதற்குள் மேஸ்திரி சின்னண்ணன் தன் கைங்கரியத்தை ஆரம்பித்திருந்தான். பால் கொடுக்கப் போனவள் எத்தனை சிட்டம் குறைவாகப் போட்டாள் என்று பார்ப்பான். இரண்டு நாள் குறைந்தால் மூணாம் நாள் அவள் பெயர் பதிலி ஆட்களோடு போய்விடும். பதிலி என்றால் கூப்பிட்ட அன்றைக்குத்தான் வேலை. பிள்ளையைக் கொண்டு வராதே என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லுவானா? ஒவ்வொருத்தியும் தானாகவே பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். பச்சைக்கோன் பிள்ளையின் தாய் தெய்வநாயகி கடைசி வரைக்கும் பிடிவாதமாகக் கொண்டு வந்தாள். அவள் பெயரும் ஒரு வாரம் பதிலிக்குப் போய்த் திரும்பியது. அப்புறம் அவளும் தன் ஏழு மாசப் பயலை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

உண்ணாமலை மறுபடியும் போனாள். "இப்போ ஆருமே வாரதில்லைங்க. எல்லாத் தொட்டிலும் சும்மா கெடக்குது."

"அப்படியிருக்கப்போ உன் புள்ள மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? ஒண்ணு வந்தா எல்லாம் வரும்மா" என்று மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். மற்றப் பிள்ளைகள் இருந்தபோது நேரமில்லை. நேரம் இருந்தபோது பிள்ளையே ஆகாது. அந்த மனுஷன் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பேசியிருந்தாலாவது திருப்பி நாலு கேட்டிருக்கலாம்.

பழையபடி ரீலிங்குக்கே போகிறேன் என்றாள். அந்த இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. ஆயா வேலையை விட்டால் வீடுதான். வீட்டில் பாயில் கிடக்கிற புருஷன்.

ஆக, காலை ஏழு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் அவள் அந்த அறைக்குள் இருந்தாக வேண்டும். அதிகாரிகள் எப்போது வருவார்கள் என்று தெரியாது; வந்தால் ஆயா அறையில் இருக்கணும். பஞ்சுத் தூசி வராமல் கதவைச் சாத்தி வைக்கணும். சின்னண்ணன் தினம் வந்து தொட்டில் கம்பியில் விரலால் தடவிப் பார்ப்பான். மடித்த துணியையே பிரித்து மடித்தாள். கழுவின பாலாடையையே கழுவினாள். ஒரு நாள் துணி ஒன்றைக் கறைபடுத்தித் துவைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பத்து மணி ஆனால் மார் கட்டிக்கொள்ளும். கல்லாக இறுகி, கையைத் தூக்க முடியாமல் வலிக்கும். வாசலோரத்து வாளியில் பீய்ச்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுவாள். அதே நேரத்தில் பனமரத்துப்பட்டியில் கந்தம்மாள் ஆட்டுப்பாலைத் தண்ணீர் கலந்து செல்லாயிக்குப் புகட்டிக்கொண்டிருப்பாள். அவளும் என்ன செய்வாள், இருக்கிறதைத்தானே புகட்டுவாள். பிள்ளைக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை; ராத்திரி உண்ணாமலை கொடுக்கிற பாலும் அதற்கு ஈடு கட்டவில்லை. ஆவணி பிறந்தபோது கை கால் சூம்பி, கண் மட்டும் பெரிசாக இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "தாய்ப்பால் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க."

"அப்புறம் ஏன் ஒழுங்காக் குடுக்கறதில்ல?"

உண்ணாமலை செல்லாயியின் சட்டையை இழுத்துவிட்டாள். எதைச் சொல்லுவது, எங்கிருந்து ஆரம்பிப்பது? டாக்டரம்மா சொன்னாள், "இப்படியே போனா மழைக்காலம் தாண்டாதும்மா."

அந்த வாரம்தான் மில்லுக்குக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார், பொம்பளை இன்ஸ்பெக்டர். சின்னண்ணன் ரீலிங்கில் நின்று, அன்றைக்கு எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கி வாருங்கள் என்று பல்லைக் காட்டினான். மேனேஜர் உண்ணாமலையை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"உன்னைய ஏதாவது கேப்பாங்க. தினமும் பன்னெண்டு வருதுன்னு சொல்லிரு. நல்லபடியா முடிஞ்சா, மறுநாள்ல இருந்து உன் புள்ளையக் கொண்டாந்துக்க. திடீர்னு ஆராச்சும் வந்து பாத்தா, ஒரு புள்ளையாவது அறையில கெடக்கறது எனக்கும் நல்லதுதான்."

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தெய்வநாயகி வழிமறித்தாள். "ஏங்கண்ணு, எங்க பக்கத்துல மேஸ்திரி நின்னுக்குவான், வாயத் தொறக்க முடியாது. அறைக்குள்ள உன்னையத்தான் தனியாக் கேப்பாங்க. உள்ளதச் சொல்லிப்போடு. பதிலிக்குப் போடறதையும் சொல்லு. எங்க பதினோரு பேருக்கும் நீ ஒருத்திதான்."

"சொல்றேன்" என்றாள் உண்ணாமலை. மனசாரத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு தொட்டிலும் நிறைந்தன. பன்னிரண்டாவதில் செல்லாயி. பத்து மணிக்குத் தாய்மார்கள் ஓடிவந்தார்கள். மஞ்சக்கோன்காரி மஞ்சளுக்கு, சிவப்புக்கோன்காரி சிவப்புக்கு. ஒருத்தியும் தேடவில்லை, ஒருத்தியும் இடித்துக்கொள்ளவில்லை. தெய்வநாயகி பயலுக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, முத்தமும் கொடுத்துவிட்டு மணி அடிக்கும் முன்னால் எழுந்தாள். "அடி ஆத்தா, என்னமா வெச்சிருக்கறடி!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். உண்ணாமலைக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. செல்லாயி முதலில் மாரைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். பிறகு கவ்விக்கொண்டு, விட்டால் போய்விடும் என்பது போல் குடித்தாள். மூணு மாசத்தில், வேலை நாளில் பகலில் குடித்த முதல் பால்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். வெள்ளைக் கதர்ச் சேலை, மூக்குக் கண்ணாடி. மேனேஜரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பலகையைப் பார்த்தார். கோனைத் தொட்டு இது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "நான் பாத்த எந்த மில்லுலயும் இப்படி இல்லம்மா" என்றார். பிறகு ஒரு துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புதுசு மாதிரி இருந்தது. புருவம் சுருங்கியது.

"தினமும் இத்தனை குழந்தைங்க வருதா?"

செல்லாயி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பால் வாடையோடு மூச்சு கழுத்தில் பட்டது.

"ஆமாங்கம்மா" என்றாள் உண்ணாமலை.

இன்ஸ்பெக்டர் கிட்ட வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "வெளிய யாருக்கும் கேக்காது. பயப்படாமச் சொல்லு. தினமும் வருதா?"

உள்ளதைச் சொல்லிவிட அவளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்கப் போவதில்லை. அது அவளுக்கே தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதுதான் காதில் கேட்டது.

"தினமும் வருதுங்க. பன்னெண்டும் வருதுங்க."

அந்த அம்மா பிரித்த துணியை மடித்து வைத்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றரைக்குத் தாய்மார்கள் பிள்ளைகளை எடுக்க வந்தார்கள். தெய்வநாயகி கடைசியில் வந்தாள். "சொன்னியா?" என்று கேட்டாள். உண்ணாமலை பச்சைக்கோன் துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். தெய்வநாயகி அவள் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் உண்ணாமலை செல்லாயியோடு வந்தாள். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். கயிறு பிணைத்திருந்ததால் பக்கத்தில் வெறும் தொட்டில் இரண்டும் சேர்ந்து ஆடின. கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

பத்து மணி வாக்கில் அவள் பாலாடை கழுவிக்கொண்டிருந்தபோது செல்லாயி விழித்துக்கொண்டு பசிக்கு அழுதாள். நல்ல அழுகை. இத்தனை நாள் முனகத்தான் தெம்பிருந்தது. ஒரு நாள் பாலுக்கே குரல் வந்துவிட்டதே என்று உண்ணாமலை கை ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி, சந்தோஷத்தில் சித்த நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

சன்னலில் நிழல் விழுந்தது. தெய்வநாயகி. சேலைத் தலைப்பை இழுத்து மார் முன்னால் பிடித்திருந்தாள். பிடித்த இடம் முழுக்க நனைந்து ஊறியிருந்தது. கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை.

"அதைய அழ உடாத உண்ணாமல. செவுத்துக்கு அக்கட்ட எல்லாத்துக்கும் பாலு சொரக்குது."

சொல்லிவிட்டு மேஸ்திரி பார்ப்பதற்குள் போய்விட்டாள். செல்லாயி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். உண்ணாமலை ஓடிப்போய்த் தூக்கினாள். முதலில் கையால் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகுதான் ரவிக்கையை அவிழ்த்தாள்.