பழைய பெயர்களை அழிக்காததால் ஃபெயில்

ஐம்பத்து மூன்று வயதில் ஃபெயில் ஆவது ஒரு தனி அனுபவம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஃபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மொபைலில் ரிசல்ட் பார்த்தேன். தியரியில் எழுபத்தொன்று. ப்ராக்டிக்கல் — ஃபெயில். எலுமிச்சை சாதத்தை மூடிவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் ஃபெயில்தான்.

வெட்கமாக இருந்ததா? ஒரு ஐந்து நிமிஷம் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பசியும் திரும்பி வந்துவிட்டது. முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன்.

நான் ஃபெயில் ஆனது சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில். அதிலும், கோப்புகளைத் திறந்து எழுதுவது, படிப்பது என்கிற பாடத்தில். பக்கத்தைத் திருப்பாதீர்கள், ப்ளீஸ்! இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என்று உங்கள் கடிதங்களிலிருந்தே எனக்குத் தெரியும். உங்களுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியப் போகிறது?

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். காரணத்தின் பெயர் சாவித்ரி.

எங்கள் ஆஃபீஸில் — எந்த ஆஃபீஸ் என்பது வேண்டாமே — பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர்களின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கேட்டு விண்ணப்பங்கள் வரும். அவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டு. வந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். எங்கள் பிரிவில் ப்யூனாக இருந்தவர் திடீரென்று போய்விட்டார். அவருடைய மனைவிதான் சாவித்ரி. விண்ணப்பம் கொடுத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து கம்ப்யூட்டர் அறை வாசலில் நிற்பார்.

"மேடம்ஜி, மேரா நம்பர் ஆயா க்யா?" என் முறை வந்ததா என்று.

ஒரு நாள் கம்ப்யூட்டர் அறையிலிருந்து பதில் வந்தது. லிஸ்டில் சாவித்ரி என்று யாருமே இல்லை. லிஸ்டில் இல்லையென்றால் விண்ணப்பமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான், போகலாம்.

அந்த அம்மாள் அழவில்லை. "நான் உங்க கையில்தானே கொடுத்தேன்?" என்று ஹிந்தியில் என்னைப் பார்த்துக் கேட்டார். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

என் கையில்தான் கொடுத்தார். என் பிரிவில் இன்னும் காகிதத்தில் வரவுப் பதிவேடு வைத்திருக்கிறேன், கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும் என்று. அதை எடுத்துப் பிரித்தேன். தேதி, டைரி நம்பர், சாவித்ரியின் கையெழுத்து, எல்லாம் இருந்தது. அதைக் காட்டியதும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கே? கடைசியில்! அவரை அவருடைய பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்க நான் நாலு மாதம் மேலதிகாரிகளுக்கு நோட் மேல் நோட்டாக எழுத வேண்டியிருந்தது. பதிவேடு வைத்திருக்காத மற்றப் பிரிவுகளில் எத்தனை பெயர் போயிற்றோ, யாருக்கும் தெரியாது.

"லிஸ்ட் எப்படிப் போச்சு?" என்று கம்ப்யூட்டர் அறையில் இருந்த கான்ட்ராக்ட் ஆளிடம் கேட்டேன். "பழைய சி ப்ரோகிராம், மேடம். யாரோ 'புதிய பட்டியல்' பட்டனைத் தட்டியிருப்பாங்க. உங்களுக்குப் புரியாது" என்று ஹிந்தியில் சொன்னார்.

என்னிடம் மட்டும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. அடுத்த வாரமே முனிர்கா பக்கத்தில் ஒரு ஸ்டடி சென்டரில், சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

ஆறாவது வாரம் கோப்புப் பாடம் வந்தது. விஷயம் இவ்வளவுதான். சி மொழியில் ஒரு கோப்பைத் திறக்கும்போது, எதற்காகத் திறக்கிறோம் என்று ஓர் எழுத்தில் சொல்ல வேண்டும். 'ஆர்' என்றால் படிக்க. 'டபிள்யூ' என்றால் எழுத. 'ஏ' என்றால் ஏற்கெனவே இருப்பதன் கடைசியில் சேர்த்து எழுத. திறந்து, வேலையை முடித்து, ஒழுங்காக மூட வேண்டும். இதுவரை சரி.

ஆனால் 'டபிள்யூ' போட்டுத் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், உள்ளே உள்ளது அத்தனையும் காலி. நாம் ஓர் எழுத்துக்கூட எழுத வேண்டாம். திறந்தாலே போதும். "அழிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. வகுப்பில் வாத்தியார் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் வாசலில் நின்ற சாவித்ரியின் முகம் தெரிந்தது.

திங்கட்கிழமை அண்டர் செக்ரட்டரிக்கு நோட் எழுதினேன். இந்தப் ப்ரோகிராமில் 'புதிய பட்டியல்' என்று வரும் இடத்தில் 'டபிள்யூ' இருக்க வேண்டும், அதை எடுத்துவிட்டு 'ஏ' போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் இன்னொரு சாவித்ரி காணாமல் போவார் என்று. கம்ப்யூட்டர் அறையிடம் கருத்துக் கேட்டார்கள். தொழில்நுட்ப விஷயங்களில் தகுதி பெற்றவர்கள் மட்டுமே யோசனை சொல்லலாம் என்று பதில் வந்தது. அண்டர் செக்ரட்டரி நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு, "சர்டிஃபிகேட் கொண்டு வாங்க, அந்தப் ப்ரோகிராமையே உங்க பொறுப்பில் விடறேன்" என்றார்.

ஆக, நான் பாஸ் ஆனால் பட்டியல் என் கையில். ஆகாவிட்டால் அந்தப் பட்டன் அப்படியே இருக்கும், யாராவது ஒரு நாள் தட்டுவார்கள். இந்த நினைப்போடுதான் போன மாதம் ப்ராக்டிக்கலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

கேள்வி சுலபம். ஐந்து மாணவர்களின் பெயர்களை வாங்கிக் கோப்பில் சேமித்து, திரும்பப் படித்துத் திரையில் காட்டு. எழுதினேன். கோப்பு திறக்காமல் போனால் என்ன செய்வது என்றுகூட இரண்டு வரி எழுதினேன். ஓட்டினேன். ஐந்து பெயர் வந்தது.

பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். என் ரெக்கார்டு நோட்டில் பெயரைப் பார்த்ததுமே, "தமிழுங்களா மேடம்? நமக்கு ஈரோடுங்க" என்று முகம் மலர்ந்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். அவரே உட்கார்ந்து ப்ரோகிராமை இரண்டாம் தடவை ஓட்டினார். புதிதாக ஐந்து பெயர் கொடுத்தார். திரையில் பத்துப் பெயர் வந்து நின்றது.

"இது தப்பாச்சுங்களே. அஞ்சுதானுங்க வரோணும்."

"முதல்ல கொடுத்த அஞ்சு பேர் எங்க போவாங்க சார்?"

அவர் என் ப்ரோகிராமை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "அட, 'ஏ' போட்டுட்டீங்க. மாடல் ஆன்சர்ல 'டபிள்யூ'ங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் வரை நான் வேண்டுமென்று 'ஏ' போடவில்லை. கை பழக்கத்தில் போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் பச்சைத் தாளில் நோட் எழுதிய கை. எங்கள் ஃபைலில் முன்னால் எழுதியவர் மகா அபத்தமாக எழுதியிருந்தாலும் அதைக் கிழிக்கக் கூடாது. அதற்குக் கீழே, எனக்கு உடன்பாடில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். நாமே தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். வெள்ளை மை தடவினால் மெமோ வரும். இப்படி வளர்ந்த கைக்கு, புதிதாக எழுதுவது என்றாலே கீழே சேர்த்து எழுதுவது என்றுதான் தெரியும்.

பழக்கத்தில் போட்டதுதான். ஆனால் அவர் தப்பு என்று சொன்னதும் அது பிடிவாதமாகிவிட்டது.

"ஒரே ஒரு எழுத்துங்க மேடம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மாத்தீட்டு இன்னொருக்கா ஓட்டுங்க. முழு மார்க் போட்டர்றேன்."

நல்ல பிள்ளைதான். சகாயம் செய்ய நினைக்கிறார். என் விரல்கூட கீபோர்டு வரை போனது. போய்... நின்றுவிட்டது.

"மாட்டேன் சார்."

"ஏனுங்க?"

சாவித்ரியைப் பற்றிச் சொன்னேன். மூன்று நிமிஷம்தான் சொல்லியிருப்பேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா நான் மாடல் ஆன்சரைப் பாத்துத்தானுங்களே மார்க் போடோணும்?"

"போடுங்க சார். வேண்டாம்னு சொல்லலை. ஆனா எதுக்காகக் குறைச்சீங்கன்னு என் ரெக்கார்டு நோட்டில எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."

எங்களிடம் உள்ள ஒரே ஆயுதம் இதுதான், வாசகர்களே. வாயால் சொல்லும்போது எல்லாமே நியாயமாக இருக்கும். அதையே எழுதச் சொல்லிப் பாருங்கள்!

அவர் பேனாவை எடுத்தார். யோசித்தார். ஒரு வரி எழுதினார், படித்துப் பார்த்தார், அடித்தார். நான் சொல்லாமலே பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். மறுபடி எழுதினார். கடைசியில் நோட்டை என் பக்கம் தள்ளியபோது அதில் ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: ப்ரோகிராம் பிழையின்றி ஓடுகிறது. பழைய பெயர்களை அழிக்காமல் வைத்திருக்கிறது. அழிக்க வேண்டிய இடத்தில் அழிக்கத் தேர்வர் மறுக்கிறார். எனவே மார்க் குறைக்கப்படுகிறது.

கீழே கையெழுத்து, தேதி.

"படிச்சா எனக்கே ஒரு மாதிரியா இருக்குதுங்க அக்கா" என்றார். மேடமாக இருந்த நான் அக்காவாகியிருந்தேன். மார்க் மட்டும் மாறவில்லை.

ரிசல்ட் வந்த அன்று குர்காவ்னில் வேலை பார்க்கும் என் மகள் நிவேதா போன் செய்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் மூன்று மொழியும் ஒன்றாக வரும்.

"அம்மா, சுனோ. நீ ஒரு டபிள்யூ போட்டுட்டு பாஸ் ஆயிருக்கலாம் நா? அப்புறம் ஆஃபீஸ்ல ஜாலியா ஏ போட்டுக்கோ. கௌன் தேக் ரஹா ஹை, யார் பாக்கப் போறாங்க? உனக்கு அந்த ஆன்ட்டிக்கு ஹெல்ப் பண்ணணுமா, இல்ல சண்டைதான் போடணுமா?"

நெற்றிப்பொட்டில் அடித்தது போலிருந்தது. நியாயமான கேள்வி. அன்று முழுக்க அதையேதான் யோசித்தேன். சாவித்ரி இன்னும் பட்டியலில்தான் இருக்கிறார், வேலை வரவில்லை. அந்தப் பட்டனும் இருக்கிறது. என் வீம்பினால் அந்த அம்மாளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இதை எழுதும்போதுகூட எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நிவேதா, ஒன்று சொல்கிறேன். முதலில் அவர்கள் சொல்கிறபடி எழுதி உள்ளே போய்விடு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் — இந்த ஊரில் அப்படி உள்ளே போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள்தான் மாறியிருந்தார்கள். புது அதிகாரி வருவார், நாற்காலியில் உட்காருவார், முன்னால் இருந்தவர் செய்தது எல்லாம் அன்றே காலி. கட்சி மாறினால் போர்டு மாறும். குடித்தனக்காரர் மாறினால் நாம் வைத்த முருங்கை மரம் போய்விடும். கேட்பதே இல்லை. 'டபிள்யூ' மனிதர்கள். அவர்களில் நானும் ஒருத்தியாக ஒரு தடவைகூட, பரீட்சைக்காகக்கூட, இருக்க மாட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். போயேன்!

சரி, கோபம் போதும். வேலைக்கு வருகிறேன்.

நேற்று காலையில் ஆஃபீஸ் போனதும் புதிதாக ஒரு பச்சைத் தாளை எடுத்தேன். விண்ணப்பப் பட்டியல் ப்ரோகிராமின் பொறுப்பை எனக்கே தர வேண்டும் என்று அண்டர் செக்ரட்டரிக்கு நோட் எழுதினேன். ஃபெயில் ஆன மார்க் ஷீட்டை மறைக்கவில்லை. முதல் இணைப்பாக வைத்தேன். இரண்டாவது இணைப்பு, அந்த ஈரோட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பக்கத்தின் நகல். பட்டியலில் உள்ள பெயர்களை அழிக்க மறுத்தவர் என்று தகுதியுள்ள ஒருவரே சான்று கொடுத்திருக்கிறார், இந்த வேலைக்கு இதைவிட வேறு தகுதி என்ன வேண்டும் என்று கேட்டு, பெயர் போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஃபைல் மேலே போயிருக்கிறது. சம்மதித்தால் அன்றைக்கே பட்டனைச் சரி செய்வேன். மறுக்கலாம், அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் மறுப்பதற்கான காரணத்தை என் நோட்டுக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பரீட்சையில் அவர்கள் பாஸ் ஆகிறார்களா, பார்க்கிறேன்!