கோழிக்கறிக்குக் காவல் நின்ற தேங்காய்

நேற்று வில்லரேயில் ஒரு கடையில் தேங்காய்ப்பால் டின் எடுத்தேன். ஓரத்தில் குட்டியாக ஒரு கோஷர் முத்திரை. யூதர்கள் சாப்பிடலாம், யாரோ பார்த்துச் சரி சொல்லியாயிற்று என்று அர்த்தம். டின்னைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் சனம் விலகி நடக்கிறது மச்சான். உனக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காலேஜ் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு யூதக் கலியாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினேன். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு, எனக்கு நித்திரை. அந்த மதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான். அங்கே இறைச்சியும் பாலும் சந்திக்கவே கூடாது. சமையலறை வேறு, கரண்டி வேறு. அம்மாவிடம் சொன்னேன், அசரவே இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சட்டிக்குள் மீன் கரண்டி விழுந்தாலும் சண்டைதானே.

இதற்கெல்லாம் காவல், மோஷே என்ற தாடிக்காரர். அடுப்பை அவர்தான் பற்றவைக்க வேண்டும். மல்லித்தழையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார்.

"பொம்பிளை பாக்க வந்தவர் மாதிரியெல்லே பாக்கிறார்," என்பார் சிவா அண்ணை.

அண்ணை அங்கே வருசக்கணக்காக உருளைக்கிழங்கு உரித்தவர். ஒரு கலியாண வீட்டார் உறைப்பாக ஏதாவது கேட்க, முதலாளி அவரிடம் கோழிச் சட்டியைக் கொடுத்தார். நல்லாய் வந்தால் இனிச் சமையல்காரர். பிழைத்தால் பழையபடி உருளைக்கிழங்கு.

அண்ணை தேங்காய் திருவிப் பிழிந்து, முதல்பாலைக் கறிக்கு மேல் ஊற்றுகிற நேரம் பார்த்து மோஷே உள்ளே வந்தார். முகம் அந்தப் பாலின் நிறத்துக்கு வந்தது. அடுப்பை அணைத்தார். முழுவதையும் கொட்டு என்றார். தேங்காய்தான் என்று அண்ணை சத்தியம் பண்ண, எங்கே தேங்காய் என்று கேட்டார். சிரட்டைகளை நான் அப்போதுதான் வெளியே கொட்டியிருந்தேன். அந்த வேலையில் நான் சுறுசுறுப்பாக இருந்த ஒரே நாள்.

"பாத்துக்கொண்டு நிக்காதை. போய்க் குப்பைக்குள்ள இறங்கு," என்று அண்ணை என்னைப் பார்த்துக் கத்தினார்.

இறங்கினேன். ஜனவரி மாதம், இடுப்பளவு குப்பை. கொண்டுவந்த சிரட்டைகளை மோஷே முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார், ஒத்துக்கொண்டார். ஆனால் விருந்தாளிகள் மாட்டுப்பால் என்று நினைத்தால்? அதற்கும் அவர்கள் சட்டத்தில் பழைய வழியொன்று இருந்தது. பக்கத்தில் தேங்காயை வைத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

வீட்டுக்கென்று காரில் கிடந்த தேங்காய்களை அண்ணை உடைத்தார். மேசையில் ஒவ்வொரு கறித்தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பாதி.

"கற்பூரம்தான் குறை," என்றார்.

மோஷே மூன்றாம் தரம் கோப்பையோடு வந்தபோது சட்டியில் ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை உருளைக்கிழங்குக் கத்தி என் கைக்கு வந்தது.

இப்போது அந்த மண்டபம் ஜிம். மோஷே மகளோடு நியூயோர்க்கில். அண்ணைக்கு டொரொன்டோவில் சொந்தக் கடை. டின் பால்தான் ஊற்றுகிறாராம், வெட்கமில்லாமல் போனில் சொன்னார்.

நேற்று நானும் அதைத்தான் ஊற்றினேன். பக்கத்தில் வைக்கத் தேங்காய் இல்லை. வெறும் டின்னை வைத்தேன். முத்திரை தெரியத் திருப்பியும் வைத்தேன். அடுப்பை அணைக்க ஒருவரும் ஓடிவரவில்லை.