வெதுவெதுப்பாக வந்த தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய நோட்டில், ஆனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கு எதிரே நான் குறித்த ஒரு சொல்லை இன்றும் என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை. ‘இறங்கலாம்’ என்பது அந்தச் சொல்.

என் மனைவி அப்போது ஆற்றுக்கு அக்கரையில் சுரக்குடிப் பக்கம் தையல் வகுப்பு எடுத்துவந்தாள். பாலத்தைச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் கூடும் என்று, கோடை முழுவதும் கணுக்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்துவிடுவாள். நீச்சல் தெரியாது. அணை திறந்த செய்தி வானொலியில் வந்துவிட்டது. ஆறு கடலில் சேரும் கடைமடைக்கு அது எந்த நாளில் வந்து சேரும் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. புதுத்தண்ணீர் சில்லென்று வரும், உள்ளங்காலே சொல்லிவிடும் என்பது ஆற்றுத்துறையில் எல்லோருடைய நம்பிக்கை. ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறு காலை எடுப்பார்கள். அணையின் அடித்தண்ணீர் குளிர்ந்தது என்று நானும் படித்திருந்தேன். அதனால் புகைப்படம் கழுவும் கடையில் வாங்கிய வெப்பமானியால் தினமும் விடியற்காலையிலும் மாலையிலும் ஆற்றை அளந்து எழுதினேன்.

அன்று காலை வழக்கம்போல் கேட்டாள்.

“என்னங்க, கண்ணாடிக்குச்சி என்ன சொல்லுது?”

“நேத்தவிட சூடாத்தான் இருக்கு. புதுத்தண்ணி இல்ல. போயிட்டு வா.”

“முழுகிட்டேன்னா அதையும் டிகிரி போட்டு எழுதி வச்சுக்குங்க.”

சிரித்துக்கொண்டே போனாள். தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. கடல் ஏற்றம் ஆற்றைப் பின்னால் தள்ளுகிறது என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. மூன்று இரவுகளாக வானம் தெளிவு. கணுக்கால் தண்ணீர் விடிவதற்குள் ஆறிப்போயிருக்க வேண்டும். ஆறவில்லை. அப்படியானால் அது ஆழமான தண்ணீரிலிருந்து வருகிறது. புதுத்தண்ணீர்தான், மேலே கதவணைக்குப் பின்னால் நாள்கணக்கில் தேங்கி, வெயிலில் காய்ந்து, நிரம்பி வழிகிறது. அத்தனை தூர வெயிலில் அணையின் குளிர்ச்சி எங்கே மிஞ்சும்? அடுத்தது கதவைத் தூக்குவதுதான். வகுப்பு ஒரு மணிக்கு முடியும். மணி ஒன்றே கால்.

“எங்கங்க, சோத்த மூடி வச்சுட்டு?” என்றார் தலைமை எழுத்தர்.

“ஆத்துக்கு சார்.”

“ஆறு எங்க ஓடிடப் போவுது, சாப்புட்டுப் போங்க.”

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று நினைவில்லை. ஆறு இரு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இக்கரையில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன்.

“நீலக் கொடை வச்சிருந்த அம்மாவா? அக்கரையில எறங்குனாங்க. மாட்டப் புடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம்.”

பாலத்தை நோக்கிக் கரையோரமாகவே மிதித்தேன். தண்ணீரைப் பார்க்கப் பயம், பார்க்காமலிருக்க அதைவிடப் பயம். ஒரு நாணல் புதரில் நீலமாக ஏதோ சிக்கியிருந்தது. இறங்கிப் பார்த்தேன். அவளுடைய குடை.

பாலத்தின் நடுவில் அவள் எதிரே நடந்து வந்தாள். இடுப்புவரை சேலை நனைந்திருந்தது. என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள்.

“கால வச்சுப் பாத்தேன். வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. உங்க குச்சி சொன்னது சரிதான்னு எறங்குனேன். நாலு எட்டுல இடுப்புக்கு வந்துடுச்சு. கொடைய விட்டுட்டு, கரை வேரப் புடிச்சுத் திரும்ப ஏறுனேன்.”

மாலையில் வெள்ளத்தில் வெப்பமானியை விட்டேன். காலையில் இருந்த அதே அளவு. அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

மறுநாள் அவள் கண்ணாடிக்குச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் பாலத்து வழியே போனாள். மறு கோடையில் ஆறு மணலாகக் கிடந்தபோதும் அப்படித்தான்.