செல்வி அக்கா வாசலுக்கு ஏறிய புழுக்கள்

காலை ஏழு மணிக்கு அனகாபுத்தூரில் கிளம்பினேன். மடியில் மூடி போட்ட பக்கெட். பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"பக்கெட்ல இன்னாக்கா, மீனா?" என்றார் டிரைவர்.

"புழு. வளக்கறதுக்கு."

பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். எனக்கும் நிம்மதி.

தாம்பரத்துக்கு ரயில், ஐந்து ரூபாய். கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, சேலையூர், மேடவாக்கம் தாண்டி, பெரும்பாக்கம். ஒரே மாதிரி கட்டடங்கள், வரிசை வரிசையாக. நம்பர் மறந்தால் தொலைந்தோம்.

ஜென்சி கீழே நின்றாள். பத்தொன்பது வயது. அவளுக்கும் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் போன மாதம் வேலை சொல்லிக்கொடுத்தேன். ஓட்டல் மிச்சத்தை டிரம்மில் போட்டால் கறுப்பு ஈயின் புழு தின்று கொழுக்கும். புழு கோழித்தீவனம், மிஞ்சினது எரு. இரண்டும் விற்கும். இடம்தான் கிடைக்கவில்லை. அதே கட்டடத்துச் செல்வி அக்கா தன் தரைத்தளத்து வீட்டைச் சும்மா கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் செத்தது அதில்தான். அக்கா இப்போது மாடியில் அம்மாவோடு இருக்கிறார்.

"சாவியத் திருப்பிக் கேக்குறாங்கக்கா," என்றாள் ஜென்சி. "உள்ள அவரு சாப்ட்டுகினு கீறாருன்னு பில்டிங்கே சொல்லுது. இன்னிக்கு மேலயே வந்துட்டாராம்."

கதவு இடுக்கிலிருந்து ஒரு ஈரக் கோடு. சுவரோரமாகப் படி ஏறியது. நானும் ஏறினேன். செல்வி அக்கா வாசலில் கறுப்புப் புழுக்கள் நெளிந்தன. வேறு எந்த வாசலிலும் இல்லை.

"மூணு வூட்டத் தாண்டி வந்துகீது," என்றார் அக்கா. "என் வாசப்படி எப்பிடித் தெரிஞ்சுது?"

அந்த ஈரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

கீழே வந்து கதவைத் திறந்தேன். இருட்டு. இலைமேல் தூறல் விழுகிற சத்தம். புழு தின்கிற சத்தம் அதுதான். ஜென்சி வெளியிலேயே நின்றாள்.

டார்ச் அடித்தேன். முற்றின புழு கறுத்து, காய்ந்த இடம் தேடி ஏறும். அதற்குச் சரிவாகக் குழாய் வைத்து, முனையில் பக்கெட் வைத்திருந்தோம். பக்கெட் வழிந்து கிடந்தது.

"எப்ப காலி பண்ணீங்க?"

"பயமா இருந்துச்சுக்கா. நாலு நாளா யாரும் உள்ள வரல."

"நீ வரல. அது வெளிய வந்துருச்சு. வா, கை விட்டு அள்ளு."

கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு அள்ளினாள்.

பின்னால் செல்வி அக்கா. எப்போது வந்தார் என்று தெரியாது. டிரம்மில் காது வைத்தார். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லை.

"இது அவரு இல்ல," என்றார். "கடேசில அவரு ஒரு வாய்கூடத் துன்னல."

சாவி ஜென்சியிடமே இருந்தது. "வெச்சுக்க," என்றார் அக்கா. "லைட்டு மட்டும் போட்டு வெய்யி."

கொண்டுபோன குட்டிப் புழுவை டிரம்மில் கொட்டிவிட்டுக் கிளம்பினேன். பஸ், ரயில், ஆட்டோ. வீடு சேர பொழுது சாய்ந்தது.

பின்பக்கம் என் டிரம்களிலும் அதே தூறல் சத்தம். இத்தனை வருடம் அதை நின்று கேட்டதில்லை. பக்கெட்டைப் பார்த்தேன், வழியவில்லை. வாசற்படியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

விளக்கை அணைக்கக் கை போனது. அணைக்காமல் உள்ளே வந்தேன்.